சொல்லுக்குள் இருக்கும் மூட்டு

போன மாதம் ஒரு சாயங்காலம் என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம். இங்கே நெதர்லாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லித்தரும்போது சொல்லை அசை அசையாகத் தட்டிப் பழக்குவார்கள், அசைக்கு ஒரு தட்டு. லெட்-டர்-க்ரேப் என்று மூன்று தட்டுத் தட்டினாள். அந்தச் சொல்லுக்கே ‘அசை’ என்றுதான் அர்த்தம். லெட்டர் எழுத்து, க்ரேப் பிடி, கையால் அள்ளுகிறோமே அந்தப் பிடி. ஆக, டச்சுக்காரர்களுக்கு அசை என்பது ஒரு பிடி எழுத்து. சொல்லில் விழும் அழுத்தத்துக்கு அவர்கள் சொல்வது க்ளெம்டோன். க்ளெம் என்றால் இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி, டோன் என்றால் தொனி. இரண்டுமே கூட்டுச்சொற்கள், இரண்டிலும் முதல் பாதியில்தான் குரல் ஏறுகிறது.

ஐந்தோவன் பக்கம் நான் குடிவந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் நான்கு வருஷம் டச்சைக் கண்ணால்தான் படித்தேன். நீளமான சொல்லைப் பார்த்தால் பென்சிலால் நடுவில் கோடு போடுவேன். ஸீக்கன்ஹொய்ஸ், அதாவது ‘நோயாளிகள் வீடு’, மருத்துவமனை. ஹன்ட்ஸ்ஹூன், ‘கைச்செருப்பு’, கையுறை. (ஹொய்ஸில் வரும் அந்த ‘ஒய்’க்குத் தமிழில் சரியான எழுத்து கிடையாது. உதட்டைக் குவித்துக்கொண்டே ‘எய்’ சொல்ல வேண்டும். இங்கே கிட்டத்தட்ட எழுதுகிறேன்.) இப்படிப் பிரித்துப் பிரித்து அர்த்தம் கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது, நிறைய வாசிக்கவும் முடிந்தது. ஆனால் நான் பேசினால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சொற்கள் சரி, இலக்கணமும் சரி, பிறகு என்னதான் தடுக்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒருநாள் காபி குடிக்கக் கூப்பிட்டவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடை ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் நான்கு சொற்களை எழுதினார். வாசி என்றார்.

முதல் சொல் க்வர்ட்ஸ்லாகன். க்வர்ட் என்றால் கால், அதாவது நாலில் ஒன்று, ஸ்லாகன் என்றால் சுற்றுகள். ‘கால் சுற்றுகள்’, திருகாணியை இரண்டு கால் சுற்று சுற்று என்பதுபோல. சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அதே சொல்லை அதே எழுத்தோடு திருப்பிச் சொன்னார், எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை. இப்போது அது க்வர்ட்ஸ்-லாகன், ‘படிகக்கல் அடுக்குகள்’. க்வர்ட்ஸ் என்றால் குவார்ட்ஸ். நடுவில் இருக்கிற ஒற்றை ‘ஸ்’ முன்வீட்டைச் சேர்ந்ததா பின்வீட்டைச் சேர்ந்ததா என்பதுதான் முழு வித்தியாசமும். அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில்தான், அங்கே எந்த உதவியும் கிடைக்காது. இரண்டாம் முறை அவர் சொன்னபோது வாயைப் பார்த்தேன். ‘ஸ்’ஸை நீட்டி முடித்து, மயிரிழை அளவுக்கு நிறுத்தி, புதிதாக ‘லா’ என்று தொடங்கினார். முதல் முறை ‘ட்’டில் நின்று, ‘ஸ்லா’வை ஒரே மூச்சில் தள்ளியிருந்தார்.

இரண்டாவது டெய்க்ரம்ப். டெய்க்-ரம்ப் என்று பிரித்தால் அணை உடைந்த பேரழிவு, டெய்-க்ரம்ப் என்று பிரித்தால் தொடையில் பிடிக்கிற சதைப்பிடிப்பு. மொழி விளையாட்டு என்று சிரித்துக் கடக்கிற சொல்தான், ஆனால் இந்த அம்மா ஸேலன்ட் மாகாணத்துக்காரர். 1953 பிப்ரவரி 1 ராத்திரி கடல் அணைகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததில் இந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். அந்த நிகழ்வுக்கு வாட்டர்ஸ்னோட்ரம்ப் என்று பெயர். வாட்டர் நீர், னோட் நெருக்கடி, ரம்ப் பேரழிவு, நடுவில் ஒட்டுக்கு ஒரு ‘ஸ்’. ரம்ப் என்று அவர் சொல்லும்போது அந்த ‘ர’ தனியாக எழும்பி நின்றது. அதைக் கேட்ட பிறகு டெய்க்ரம்ப்பைத் தப்பாகப் பிரிக்க எனக்கு வாய் வராது.

மூன்றாவது வல்க்கொய்ல்: வல்-கொய்ல் ‘விழும் குழி’, பொறிக்குழி, வல்க்-ஒய்ல் ‘வல்லூறு ஆந்தை’. நான்காவதுதான் எனக்குக் கதவைத் திறந்தது. ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி எழுதுகிற ஒரு சொல். மஸாஷ-பெட் என்று சொன்னால் மசாஜ் செய்கிற கட்டில், மஸ்ஸா-கபெட் என்று சொன்னால் கூட்டப் பிரார்த்தனை. எழுத்து அச்சு அசல் ஒன்று. வாயில் வரும்போது ஏறக்குறைய எல்லாமே மாறிவிடுகிறது. ‘மஸாஷ’ இரவல் சொல், அதற்கு நடு அசையில் அழுத்தம், அதனால் கட்டிலுக்கும் நடுவில் அழுத்தம். ‘மஸ்ஸா’வுக்கு முதல் அசையில், அதனால் பிரார்த்தனைக்கும் முதலில். கூட்டுச்சொல்லின் தலைமை அழுத்தம் முதல் உறுப்புக்குப் போகும். அந்த முதல் உறுப்பு தனியாக இருக்கும்போது எந்த அசையில் அழுந்துமோ அதே அசையில் அழுந்தும். இதுதான் அடிப்படை விதி. நான்கு வருஷமாக எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் படாமல் போன விதி, ஒரு ரசீதின் முதுகில் கிடைத்தது.

விதி கிடைத்த பிறகு நீளமான சொல்லைப் பார்த்துப் பயம் போய்விட்டது. வேலை செய்ய இயலாமல் போனால் பணம் தருகிற காப்பீட்டுக்கு டச்சில் ஒரே சொல், 33 எழுத்து, பத்து அசை: ஆர்பெய்ட்ஸ்-ஒன்கஸ்ஹிக்ட்ஹெய்ட்ஸ்-வர்ஸேகரிங். இதில் முதல் ‘ஆர்’ தான் மலையுச்சி. அங்கே ஏறிவிட்டால் மிச்சம் எல்லாம் இறக்கம்தான், ஒவ்வொரு உறுப்பிலும் சின்னதாக ஒரு மேடு மட்டும் இருக்கும். நான் முன்பு பத்து அசையையும் ஒரே உயரத்தில் சொல்லிக்கொண்டு போனேன். கேட்கிறவருக்கு அது இடைவெளி விடாமல் எழுதிய கடிதம் மாதிரி இருந்திருக்கும்.

நமக்கு ஏன் இது கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். தமிழில் படம், பாடம், பட்டம் என்று நீளத்தாலும் இரட்டிப்பாலும் சொல்லை வேறாக்குவோம். எந்த அசையை அழுத்துகிறோம் என்பதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் அழுத்தம் காதில் விழுந்தாலும் ஏதோ உணர்ச்சிக்காக அழுத்துகிறார் என்று மூளை அதை ஒதுக்கிவிடுகிறது.

இன்னொன்று இருக்கிறது, அது இதைவிட நுட்பம். தமிழில் ‘ட்’ எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். பாட்டு என்னும்போது வன்மையாக வருகிற ட, பாடு என்னும்போதும் வண்டி என்னும்போதும் குழைந்துவிடுகிறது. டச்சிலும் கிட்டத்தட்ட இப்படி ஒரு பழக்கம் உண்டு. கை என்பது எழுத்தில் குழைந்த ட-வில் முடியும், ஆனால் சொல்லின் கடைசியில் நிற்பதால் உச்சரிப்பில் வன்மையாக, ‘பாட்டு’ ட்-டாக, ஹன்ட் என்று முடியும். பன்மையில் உயிர் வந்து சேர்ந்ததும் ‘வண்டி’ மாதிரி ஹண்டன் ஆகிவிடும். சரி, இப்போது கையோடு ஆப்பிளைச் சேருங்கள்: சமைக்காமல் கையில் எடுத்துக் கடித்துத் தின்னும் ஆப்பிளுக்கு ஹன்ட்-அப்பல் என்று பெயர். இங்கேயும் ட-வுக்குப் பின்னால் உயிர்தான் வருகிறது, அதனால் என் தமிழ் வாய் வண்டி ஓட்டிக்கொண்டு ‘ஹண்டப்பல்’ என்றது. தப்பு. கூட்டுச்சொல்லில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிச் சொல்லாகவே நடந்துகொள்ளும், அசைகள் மூட்டைத் தாண்டிக் கலக்காது, ஆகவே அந்த ட் இன்னமும் தன் சொல்லின் கடைசியில்தான் நிற்கிறது, வன்மையாகவே வர வேண்டும். குடும்ப மருத்துவருக்கு ஹொய்ஸ்-அர்ட்ஸ் என்று பெயர். வீடுகள் என்னும்போது கடைசி ‘ஸ்’ அதிர்ந்து வேறு ஒலியாகிவிடும், ஆனால் வீட்டு மருத்துவரில், பின்னாலேயே உயிர் வந்தும், அசையாமல் நிற்கும். மூட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காதுக்குக் காட்டிக்கொடுப்பது இந்த மாதிரிச் சின்ன விறைப்புதான்.

தமிழுக்கு இதெல்லாம் அந்நியம் என்று இதுவரை எழுதியதை வைத்து நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியப் புணரியலில் இதே பிரச்சினைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் வேறாகும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்கிறது அது. உரையாசிரியர்கள் காட்டுகிற உதாரணம் செம்பொன்பதின்றொடி. தொடி என்பது பழைய எடை அளவு. செம்பொன் பதின்றொடி என்றால் பத்துத் தொடி தங்கம், செம்பு ஒன்பதின்றொடி என்றால் ஒன்பது தொடி செம்பு. கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்த விஷயம். க்வர்ட்ஸ்லாகனைக் கேட்ட அன்று ராத்திரி அது திடீரென்று ஞாபகம் வந்து, எழுந்து உட்கார்ந்தேன். ‘இசையில் திரிதல்’ என்று அந்தச் சூத்திரம் சொல்வதை முதல்முறையாகக் காதால் புரிந்துகொண்டது ஒரு டச்சுக்கார அம்மாவின் வாயைப் பார்த்துத்தான்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு, எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். நகராட்சி மன்றக் கட்டடத்துக்கு ராட்ஹொய்ஸ் என்றும் சொல்வார்கள், ஸ்டட்ஹொய்ஸ் என்றும் சொல்வார்கள். முதல் சொல் விதிப்படி ‘ராட்’டில் அழுந்தும். இரண்டாவதோ பெரும்பாலும் ‘ஹொய்ஸ்’ஸில் அழுந்தும். ஒரே கட்டடம், ஒரே ‘வீடு’. பெயரடையும் பெயரும் ஒட்டிப்போன சொற்களும் அப்படித்தான், சிவப்பு முட்டைகோசு ரோடகோலில் ‘கோல்’ தான் ஓங்கும். ரோட கோல் என்று இரண்டு சொல்லாக இருந்த காலத்துச் சந்தத்தை அது விடவில்லை. ஊர்ப்பெயர்களில் ஐந்தோவனுக்கும் ஸன்ட்ஃபோர்ட்டுக்கும் முதலில் அழுத்தம். ‘டம்’ என்று முடியும் அணைக்கட்டு ஊர்களுக்கெல்லாம் கடைசியில். ஆம்ஸ்டெல் ஆற்றின் அணை ஆம்ஸ்டர்டம், ரோட்ட ஆற்றின் அணை ராட்டர்டம், அப்புறம் ஸ்ஹீடம், ஸான்டம், வோலன்டம், எல்லாமே கடைசி ‘டம்’மில் போய்த்தான் இடிக்கும். நாம் ஆம்ஸ்டர்டாமை முதல் எழுத்தில் தூக்குகிறோம், டச்சுக்காரர் காதுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அரசியின் பிறந்தநாளாக ஏப்ரல் 30 கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் கோனிங்இன்னடஃக். அரசி என்ற சொல்லில் கடைசி அசைதான் அழுந்தும் என்பதால் அந்த நாளின் பெயரிலும் மூன்றாம் அசையில் அழுத்தம். 2013-இல் வில்லம் அலெக்ஸாண்டர் அரசரானார், 2014 முதல் அது கோனிங்ஸ்டஃக், அரசர் நாள், அழுத்தம் முதல் அசைக்கு வந்துவிட்டது. ஆட்சி மாறியதில் நாடு முழுவதும் ஒரு அழுத்தம் இரண்டு அசை முன்னால் நகர்ந்ததை நினைக்கும்போது எனக்கு ஏனோ மனசு நிறைகிறது.

வினைச்சொற்களுக்கு வருகிறேன், என்னைத் தலைகுனிய வைத்தது அங்கேதான். வேலை பார்த்த இடத்தில் பிழைகளைத் தவிர்ப்பது பற்றி நான் பேச வேண்டியிருந்தது, வாழ்க்கையில் முதல்முறையாக முழுக்க டச்சில். திரையில் தலைப்பு ‘ஃபௌடன் வோர்கோமன்’. ஃபௌடன் பிழைகள். வோர்கோமனில் ‘கோ’வை அழுத்தினால் தடுத்தல், ‘வோர்’ரை அழுத்தினால் நிகழ்தல். கூட்டுச்சொல் என்றால் முதல் உறுப்பில் அழுத்தம் என்று அப்போதுதான் கற்றிருந்தேன் அல்லவா, அந்த உற்சாகத்தில் ‘வோர்’ரை நன்றாக அழுத்தி, இந்த வருஷம் நம் குறிக்கோள் பிழைகள் நிகழ்வது என்று மூன்று முறை அறிவித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு ஒருவர் மெதுவாக, நீங்கள் சொல்வது தடுப்பதைத்தானே என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவர் கதவைக் காட்டி விளக்கினார். முன் உறுப்பில் அழுத்தம் இருந்தால் அந்த மூட்டு கீல் போட்ட மூட்டு, வாக்கியத்தில் திறந்துகொள்ளும். ‘நிகழ்கிறது’ என்று சொல்லும்போது கோம்ட் முன்னால் போய்விடும், வோர் கழன்று வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும். பின் உறுப்பில் அழுத்தம் இருந்தால் அது ஆணி அடித்த மூட்டு, எப்போதும் பிரியாது. ஒன்டர்கானிலும் இதே கதை. முன்னால் அழுத்தினால் சூரியன் மறைகிறது, பின்னால் அழுத்தினால் ஒருவர் அறுவை சிகிச்சைக்கு உட்படுகிறார். குழப்பம் வரக்கூடிய இடத்தில் டச்சுக்காரர்களே உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவார்கள். அந்தக் கோட்டை என் திரையில் போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

எழுத்தில் இதையெல்லாம் எப்படிக் கையாளுகிறார்கள் என்பது தனிக் கதை, ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். குழப்பமான சொல்லுக்கு நடுவில் சிறு கோடு போட அனுமதி உண்டு, மசாஜ் கட்டிலுக்கு அப்படிப் போட்டால் யாரும் பிரார்த்தனைக்குப் போக மாட்டார்கள். வரி முடிவில் சொல்லை உடைக்கும் இடத்திலும் மூட்டு வெளியே வரும். சின்னச் சான்றிதழ், சின்னத் தூதர் இரண்டையும் டிப்ளோமாட்ய என்று ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். சொல்லும்போது சான்றிதழில் ‘ப்ளோ’ அழுந்தும், தூதரில் ‘மா’ அழுந்தும். வரி முடிவில் சான்றிதழை உடைத்தால் இரட்டை உயிரில் ஒன்று உதிர்ந்து டிப்ளோமா என்ற முழுச்சொல் வரியின் கடைசியில் நிற்கும். தூதரை உடைத்தால் டிப்ளோமாட் நிற்கும். சில நேரம் காதும் கைவிடும்: ஒய்ட்ய என்றால் சின்ன வெங்காயமும்தான், ஊர்சுற்றப் போவதும்தான். வெங்காயத்தை ட-வுக்கு முன்னால் உடைக்க வேண்டும், சுற்றுலாவை ட-வுக்குப் பின்னால். வாயில் இரண்டும் ஒன்று.

இப்போது நிறையப் பேர் கூட்டுச்சொல்லுக்கு நடுவில் இடம் விட்டு எழுதுகிறார்கள், ஆங்கிலத்தைப் பார்த்து. அதற்கு ‘ஆங்கில நோய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோயின் பழைய டச்சுப் பெயர் அது. எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர் என்பதில் தப்பான இடத்தில் ஒரு இடைவெளி விட்டால் அவர் நெட்டையான தூர ஓட்டக்காரர் ஆகிவிடுகிறார்.

இந்த ஒட்டுவேலையை வைத்து அறிவியலே செய்ய முடியும் என்று நம்பியவர் ப்ரூஹவில் பிறந்த கணித அறிஞர் சைமன் ஸ்டெவின். 1586-இல் எடையியல் பற்றி எழுதிய நூலின் முகப்பில், டச்சில் ஓரசைச் சொற்கள் ஏராளம், அவற்றை இணைத்தால் எந்தக் கருத்துக்கும் சொல் கிடைக்கும் என்று வாதாடி, பட்டியலும் போட்டார். முக்கோணத்துக்கு ட்ரீஹூக், ட்ரீ மூன்று, ஹூக் மூலை. நம் முக்கோணத்தின் அச்சு. மற்ற ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் கிரேக்கச் சொல்லைக் கடன்வாங்கிக் கணக்குப் படிக்க, டச்சுப் பிள்ளைகள் இன்றைக்கும் கணிதத்தை விஸ்குன்ட என்கிறார்கள், உறுதியான அறிவு. அவர் கைபட்ட சொல்தான். ஓரசைச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூட்டு தன்னால் கேட்கும், அவருடைய கட்சியின் பலமே அதுதான்.

ஆனால் நாள்பட்டால் மூட்டு தேய்ந்து போகிறது. நம் ஊரிலேயே அப்படி ஒன்று கிடக்கிறது. கக்கூஸ். டச்சில் கக்-ஹொய்ஸ், கழிவு வீடு, அசல் கூட்டுச்சொல். 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையிலும், ஒரு காலத்தில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் ஆண்டபோது நமக்கு வந்தது. ஹொய்ஸைக் கிட்டத்தட்ட ஊஸ் என்றே சொல்கிற ஊர்கள் ஸேலன்டில் இன்னும் உண்டு. நாம் அதை வாங்கி, ஹகரத்தை விட்டு, ககரத்தை இரட்டித்து, கக்-கூஸ் என்று நம் அசைக்கு ஏற்றபடி வெட்டினோம். அதற்குள் ஒரு வீடு இருந்தது யாருக்கும் தெரியாது. இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குச் சொல்கிற கந்தோரும் அவர்கள் விட்டுப்போனதுதான். கன்டோர் என்று அவர்கள் கடைசி அசையை அழுத்துவார்கள், நம்மிடம் அந்த அழுத்தம் போய் நெடில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டச்சுக்காரர்கள் வாயிலேயே தேய்ந்த ஒரு சொல் உருளைக்கிழங்கு. ஆர்ட் மண், அப்பல் ஆப்பிள்: மண்ணாப்பிள். விதிப்படி ஹன்ட்-அப்பல் மாதிரி வன்மையாக ஆர்ட்-அப்பல் என்று வர வேண்டும், எழுத்தில் வரி உடைந்தாலும் அங்கேதான் உடைப்பார்கள். பேச்சில் பெரும்பாலும் ட குழைந்து பின்னசைக்குப் போய்விடுகிறது. சிங்களத்தில் உருளைக்கிழங்கு அர்த்தாபல், டச்சு உபயம். அங்கே அந்த ஒலி இன்னும் வன்மையாகவே நிற்கிறது.

அன்றைக்கு மேசையில் மகள் கடைசியாகத் தட்டிய சொல் இதுதான். ஆர்-டப்-பல், மூன்று தட்டு. நான் குறுக்கே போய், ஆர்ட்-அப்-பல் என்று மெதுவாகச் சொல்லிப் பார், உள்ளே அப்பல் இருக்கிறதல்லவா என்றேன். கையைத் தட்டாமல் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அதுல ஆப்பிள் எங்கப்பா இருக்கு? அது கிழங்கு.”